எட்டுப் பேரும் ஒரு பூங்காவும்: யுனிவர்சல் ஸ்டூடியோஸ் குடும்பப் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கடந்த ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு முறையும், இவ்வாண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையன்று மறுமுறையும் எங்கள் குடும்பம் செந்தோசா தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று வந்தது. இரண்டு முறையும் சென்றவர்கள் எட்டுப் பேர். முதல் முறை வீடு திரும்பும்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை ரயிலிலேயே படங்களைப் பகிர்ந்துகொண்டோம். பூங்கா மாறவில்லை, எங்கள் பொறுமையும் அவ்வளவாக மாறவில்லை. பிறகு எது மாறியது என்பதை எழுதிப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஒரு கிடங்கில் பணி அட்டவணை தயாரிப்பது என் தொழில். சரக்கு தாமதமானால் மறுநாளே உட்கார்ந்து, எந்த நிமிடம் எங்கே போனது என்று வரிசைப்படுத்தி எழுதுவது எங்கள் அலுவலக வழக்கம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறார். ஜூன் பயணத்துக்குப் பிறகு அவரே, "இதையும் எழுதித்தான் பாருங்களேன்" என்றார்.

முதல் பயணம்

அன்று சென்றவர்கள் நான், என் மனைவி, அப்போது ஐந்து வயதான மகள், இரண்டு வயதான மகன், அறுபத்தெட்டு வயதான என் அம்மா, தெம்பனிஸில் வசிக்கும் அக்கா, அத்தான், அவர்களுடைய எட்டு வயது மகன் ஆகியோர். நாங்கள் இருப்பது செங்காங்கில். வடக்கு கிழக்கு ரயில் பாதையில் ஏறினால் மாறாமல் அரைமணி நேரத்தில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தை அடைந்துவிடலாம். இவ்வளவு எளிய பாதை இருந்தும் காலை எட்டரைக்குப் புறப்பட வேண்டிய நாங்கள் 9.50க்குத்தான் புறப்பட்டோம். அக்கா குடும்பத்துக்காக அந்நிலையத்தை ஒட்டிய விவோசிட்டி கடைத்தொகுதியில் காத்திருந்தோம். அவர்கள் வந்த பிறகு, இணையத்தில் மலிவாகச் சீட்டு விற்கும் ஓர் இடைத்தரகரிடம் அத்தான் வாங்கியிருந்த நுழைவுச்சீட்டுகளில் இரண்டு மின்னஞ்சலுக்கு வந்து சேரவே இல்லை என்பது தெரிந்தது. வாசலைத் தாண்டும்போது மணி 11.35.

அதற்குப் பிறகு நடந்ததை நினைவிலிருந்து எழுதினால் ஆளுக்கொரு கதை வரும். ஆகவே ஒரு வழி செய்தேன். எங்கள் நால்வரின் கைத்தொலைபேசிகளிலிருந்த படங்களையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் செய்திகளையும் நேரவாரியாக அடுக்கினேன். படம் எடுக்காத இடைவெளிகளைச் செய்திகள் நிரப்பின. "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற பொருளில் மட்டும் பதினேழு குரல்பதிவுகள் இருந்தன. அக்காவின் குரல் முதல் பதிவில் கனிவாகவும் பதினேழாவதில் வேறு மாதிரியாகவும் இருந்தது.

மாலை 6.40க்கு வெளியே வந்தோம். ஆக, பூங்காவுக்குள் இருந்தது 425 நிமிடம். சவாரி வரிசைகளில் நின்றது 165 நிமிடம். அதில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு மட்டும் 75. சவாரிகளும் காட்சிகளும் சேர்ந்து 55 நிமிடம். சாப்பாட்டுக்கு 60. இடிமின்னலால் ஒதுங்கி நின்றது 35. மிச்சமிருக்கும் 110 நிமிடம்தான் என்னை யோசிக்க வைத்தது. அது கழிவறைக்குப் போனவர்களுக்காக மற்றவர்கள் நின்ற நேரம், சவாரிக்குப் போனவர்களைப் போகாதவர்கள் தேடிய நேரம், அடுத்து எங்கே போவது என்று நடுவழியில் விவாதித்த நேரம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையைத்தான் அன்றைய நாளின் வில்லனாக எல்லாரும் சொன்னோம். உண்மையில், அன்று நாங்கள் நின்ற மிக நீளமான வரிசை எங்கள் குடும்பமேதான்.

ஏன் இவ்வளவு நேரம் போகிறது?

வரிசையின் கணக்கு எளிது. ஒரு சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது, நமக்கு முன்னால் 600 பேர் நிற்கிறார்கள் என்றால் காத்திருப்பு அரைமணி நேரம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவிய விதியும் இதே உறவைத்தான் பொதுமைப்படுத்திச் சொல்கிறது. எங்கள் கிடங்கில் லாரிகளுக்குப் பயன்படுத்துவதும் அதையே. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. காலையில் வாசல் திறக்கும்போது எல்லா வரிசைகளின் நீளமும் பூஜ்யம். ஆகையால் முதல் ஒரு மணி நேரம் பிற்பகலின் இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சமம். அடுத்தது, ஒரு சவாரி எவ்வளவு புகழ்பெற்றது என்பது மட்டுமல்ல, அது மணிக்கு எத்தனை பேரை ஏற்றுகிறது என்பதும் அதன் வரிசையைத் தீர்மானிக்கிறது. லாஸ்ட் வேர்ல்டு பகுதியிலுள்ள கனோபி ஃபிளையர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொங்கும் வண்டி ஒன்றில் முதுகோடு முதுகாக நான்கே பேர் அமர்கிறார்கள். சவாரி சில நிமிடங்களில் முடிந்துவிடும், பெரிய திகிலும் இல்லை. ஆனாலும் முன்னால் நிற்கும் கூட்டம் சிறியது என்று நம்பிச் சேர்ந்தவர்கள் நெடுநேரம் வெயிலில் நிற்பார்கள்.

குடும்பத்தின் கணக்கு இதைவிடச் சிக்கலானது, பலரும் அதைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. எட்டுப் பேர் ஓரிடத்தில் பிரிந்து மீண்டும் கூட வேண்டுமென்றால், குழு நகரும் நேரம் எட்டுப் பேரின் சராசரி நேரம் அல்ல; எட்டுப் பேரில் மிகத் தாமதமாக வருபவரின் நேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஒருவர் வேறொருவராக இருப்பார். ஒரு முறை மகனுக்கு டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும், ஒரு முறை அத்தான் நினைவுப்பொருள் கடைக்குள் நுழைந்துவிடுவார், ஒரு முறை அம்மா நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டுப் பேர் இருந்தால் யாராவது ஒருவர் தாமதமாவது ஏறக்குறைய உறுதி. மூவர் இருந்தால் அந்த வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது. நாங்கள் அன்று எட்டுப் பேராகவே ஒவ்வொரு முறையும் கூடினோம். ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

மற்றொரு பிழை உயரம். பூங்காவின் சவாரிகளுக்குக் குறைந்தபட்ச உயர வரம்பு உண்டு: டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர், ரிவெஞ்ச் ஆஃப் த மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. அக்கா மகன் அந்த ரோலர் கோஸ்டரைப் பற்றியே ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தான். வாசலில் ஊழியர் அளவுகோலை அவன் தலைக்கு நேராகக் காட்டியபோது இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. அவன் குதிகாலை மெல்ல உயர்த்தினான். ஊழியர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அத்தானும் ஏறவில்லை. அந்த இடத்தில் நின்றிருந்த பதினைந்து நிமிடமும் கணக்கில் 110க்குள்தான் அடங்குகிறது. அளவுகோலில் தவறில்லை; வீட்டில் ஒரு பென்சிலும் சுவரும் இருந்தும் நாங்கள் அளந்து பார்க்காததே தவறு.

இரண்டாம் பயணத்துக்கான திட்டம்

இவ்வாண்டு கோடை விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து என் தம்பி, அவன் மனைவி, பதின்மூன்று வயதான அவர்கள் மகன் ஆகியோர் வந்தார்கள். தம்பி மகன் விமானத்திலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "பெரியப்பா, யுனிவர்சல் என்றைக்கு?" என்பதுதான். எங்கள் நால்வரோடும் அம்மாவோடும் சேர்த்து மறுபடியும் எட்டுப் பேர். ஆய்வுக்கு இதைவிட வசதியான ஒப்பீடு கிடைக்காது.

நாளைத் தேர்ந்தெடுப்பது தானாகவே அமைந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மே மாதம் முழுதும் விடுமுறை, சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கோ ஜூன் விடுமுறை தொடங்க இன்னும் நாள் இருந்தது. எங்கள் மகள் பாலர் பள்ளியில் படிப்பதால் ஒரு நாள் விடுப்பு எடுப்பதில் சிரமமில்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது இவ்வளவு சுலபமாக இராது. வார நாள் என்பதற்காக மட்டும் ஒரு தேதியைப் பிடித்துவிடக் கூடாது: சிறுவர் தினம், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு விடைத்தாள் திருத்தும் நாள்கள், இளையர் தினத்துக்கு ஈடான திங்கட்கிழமை ஆகியவை நாள்காட்டியில் வார நாளாகத் தெரிந்தாலும் பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நாள்கள். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற இரவுநேரத் திகில் நிகழ்ச்சி நடைபெறும் தேதிகளில் பகல்நேரப் பூங்கா முன்னதாகவே மூடப்படும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏப்ரல், மே மாதங்கள் இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் காயும் வெயில் பிற்பகலில் இடியும் மின்னலுமாக மாறுவது வழக்கம். மின்னல் அபாயம் இருக்கும்போது வெளிப்புறச் சவாரிகள் நிறுத்தப்படும். ஆகவே திறந்தவெளியிலுள்ள பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவையும் கனோபி ஃபிளையரையும் முற்பகலில் முடித்துவிட்டு, கூரைக்குள் இருக்கும் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போன்றவற்றைப் பிற்பகலுக்கு வைத்தேன். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மழை பெய்தால் பூங்காவிலுள்ள எல்லாரும் கூரைக்குள்தான் ஓடுவார்கள். அந்த வரிசைகள் சட்டென்று நீளும். அதற்கு விடையாகத் தனிநபர் வரிசையை நம்பினேன். குழுவாக வந்தவர்கள் அமர்ந்த பிறகு காலியாக இருக்கும் ஒற்றை இருக்கைகளில் தனியாட்களை அமர்த்தும் வரிசை அது. வேகமாக நகரும், ஆனால் சேர்ந்து உட்கார முடியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்திரா சூறைக்காற்று இந்தத் திட்டத்தையே தலைகீழாக்கிவிடக்கூடும். அதற்கு என்னிடம் மாற்றுத் திட்டம் இல்லை. குடை இருந்தது.

முந்தைய இரவு சமையலறைக் கதவுச் சட்டத்தில் பிள்ளைகளை நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்துக் கோடு போட்டோம். மகள் 116, மகன் 97, தம்பி மகன் 154. எந்தச் சவாரிக்கு யார் என்பது அந்த மூன்று கோடுகளிலேயே முடிவாகிவிட்டது. மகளுக்கு மம்மியும் ரோலர் கோஸ்டரும் இல்லை என்பதை அப்போதே சொன்னோம். கொஞ்சம் அழுதாள். வீட்டில் அழுவது பூங்கா வாசலில் அழுவதைவிட மலிவு.

முக்கியமான முடிவு, பிரிந்து செல்வது. என் மனைவிக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். அவர், தம்பி, தம்பி மகன் ஆகிய மூவர் ஒரு குழு. நான், அம்மா, தம்பி மனைவி, இரு பிள்ளைகள் ஆகிய ஐவர் மறு குழு. பகல் 12.45க்குப் பண்டைய எகிப்துப் பகுதியில் சாப்பாடு, 4.30க்கு ஹாலிவுட் பகுதியின் பெரிய கூரைக்கு அடியில் சந்திப்பு. இடையில் "எங்கே?" என்று யாரும் கேட்கக் கூடாது. தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தனித்தனியாகப் போகவா அண்ணா?" என்றான். 110 நிமிடக் கணக்கைக் காட்டினேன். கணக்கைப் பார்த்து ஒப்புக்கொண்டானா, அண்ணன் சொல்கிறானே என்று ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை.

கூடுதல் பணம் கொடுத்துக் குறுகிய வரிசையில் செல்ல உதவும் எக்ஸ்பிரஸ் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. ஜூனில், உள்ளே போன பிறகு பதற்றத்தில் அம்மாவைத் தவிர்த்த பெரியவர்கள் நால்வருக்கும் அதை வாங்கினோம். ஆனால் இரண்டு சிறிய சவாரிகளுக்கு மேல் அதைப் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் பெரிய சவாரிகளில் பிள்ளைகளோடு பொது வரிசையிலேயே நின்றோம். குடும்பங்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் வாங்குகின்றன, அல்லது யாருக்கும் வாங்குவதில்லை. உயரமும் ஆசையும் உள்ள இருவருக்கு மட்டும் வாங்குவது பலருக்குத் தோன்றுவதே இல்லை. விடுமுறை நாளாக இருந்தால் நான் அப்படித்தான் செய்வேன். இந்த முறை வாங்கவில்லை.

அன்று நடந்தது

காலை 8.50க்கு ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி, விவோசிட்டியின் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினோம். போகும்போது ஆளுக்கு நான்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பும்போது கட்டணமில்லை. முதல் நிறுத்தமே பூங்கா இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு. சீட்டுகளை ஒரு வாரத்துக்கு முன்பே அந்தத் தேதிக்கென்று பூங்காவின் இணையத்தளத்திலேயே வாங்கியிருந்தோம்; நான்கு வயது நிரம்பாததால் மகனுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சக்கரநாற்காலி வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். "நான் என்ன நோயாளியா?" என்று கேட்டுவிட்டார். பிறகு மகனின் தள்ளுவண்டியைத் தாமே தள்ளிக்கொண்டு வருவதாகச் சொன்னார். சற்று நேரத்தில்தான் புரிந்தது, வண்டியின் கைப்பிடி அவருக்கு ஊன்றுகோலாக இருந்தது. மாலைவரை அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

பத்து மணிக்கு வாசல் திறந்ததும் மனைவியின் குழு வலப்பக்கம் திரும்பி நியூயார்க்கைக் கடந்து சை-ஃபை சிட்டிக்கு ஓடியது. பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் இரண்டு தடங்களிலும், அமர்ந்து செல்லும் ஹியூமனிலும் கால் தொங்கும் சைலானிலும், பதினொன்றரைக்கு முன் ஏறிவிட்டார்கள். நாங்கள் இடப்பக்கம் திரும்பினோம். 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் அங்கே இருக்கிறது. முன்பு மடகாஸ்கர் பகுதி இருந்த இடம் அது. முதல் முக்கால் மணி நேரத்தில் மகள் அங்குள்ள சவாரிகளில் இரண்டு முறை ஏறியிறங்கினாள். பிறகு ஃபார் ஃபார் அவே கோட்டை வழியாக நடந்து கனோபி ஃபிளையருக்குப் போனபோது மணி 11.10, இருபத்தைந்து நிமிடம் நின்றோம். வாசலிலிருந்து நேரே அங்கே போயிருக்க வேண்டும். இது என் திட்டத்தின் பிழை.

சாப்பாட்டில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. இந்திய, மத்தியக் கிழக்கு உணவு கிடைத்தது, அம்மா சாப்பிட்டார்.

2.40க்கு இடி. வெளிச்சவாரிகள் நின்றன. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பலகையில் காத்திருப்பு 70 நிமிடம் என்று ஏறியது. தம்பியும் அவன் மகனும் தனிநபர் வரிசையில் கால்மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட்டார்கள், வெவ்வேறு வண்டிகளில். வெளியே வந்ததும் தம்பி சொன்னது இதுதான்: "வேகமாகத்தான் போச்சு. ஆனா இவன் முகத்தைப் பார்க்காம நான் எதுக்கு ஏறணும்?" மாலையில், மழை விட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, இருவரும் பொது வரிசையில் முப்பத்தைந்து நிமிடம் நின்று பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மீண்டும் ஏறினார்கள். என் கணக்கில் அது வீண் செலவு. அவன் கணக்கில் அதுதான் அன்றைய சவாரி.

வாட்டர்வேர்ல்டு காட்சியைத் தவறவிட்டோம். மகன் தூங்கிவிட்டான், அவனை எழுப்ப அம்மா விடவில்லை. 4.30 சந்திப்புக்கு மனைவியின் குழு ஆறு நிமிடம் தாமதம். குரல்பதிவு ஒன்றுமில்லை.

கணக்கு மறுபடியும்

எங்கள் ஐவர் குழு 10.05 முதல் 6.10 வரை 485 நிமிடம் உள்ளே இருந்தது. வரிசையில் 120, சவாரியிலும் காட்சியிலும் 115, சாப்பாட்டில் 75, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்ததும் தேடியதும் 35. மீதி 140 நிமிடத்தை ஓய்வு என்று எழுதினேன். மழைக்கு ஒதுங்கிய நேரமும் மகன் தூங்கிய நேரமும் அதில் அடக்கம். சவாரி நேரம் இரு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது, ஒருவருக்காக ஒருவர் நிற்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் இந்த ஒப்பீட்டைக் கவனமாகவே படிக்க வேண்டும். ஜூன் விடுமுறை நாளையும் மே மாதத்துச் செவ்வாயையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வரிசை நேரம் இதைவிட அதிகமாகக் குறையாததற்குக் காரணம் நாங்கள் அதிக சவாரிகளில் ஏறியதுதான் என்றாலும், கூட்டம் குறைந்ததால் கிடைத்த பயன் எவ்வளவு, பிரிந்து சென்றதால் கிடைத்த பயன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இரண்டு பயணங்கள் போதாது. கூட்டத்தோடு தொடர்பில்லாத ஒரே எண் அந்த 110க்கு எதிரான 35தான். அதை மட்டும் நம்புகிறேன்.

இதைப் படித்த மனைவி ஓர் ஐயத்தை எழுப்பினார். போன முறை காத்திருப்பு என்று எழுதியதற்கே இந்த முறை ஓய்வு என்று பெயர் மாற்றிவிட்டேன் என்றார். நியாயமான கேள்வி. அம்மா இரண்டு முறையும் ஏறக்குறைய அதே அளவு நேரம் நிழலில் உட்கார்ந்துதான் இருந்தார். அவரிடமே கேட்டேன். முதல் முறை எந்த நேரத்தில் எழுந்து நடக்கச் சொல்வார்கள் என்று தெரியாமல் செருப்பைக் கழற்றவே இல்லை என்றும், இந்த முறை நாலரை மணிவரை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்ததால் கழற்றிவைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டதாகவும் சொன்னார். ஓய்வு என்ற தலைப்பை மாற்றாமல் விட்டுவிட்டேன்.